கப்பல் எங்கே என்று மோசஸ் சாரிடம் கேட்டால்

மோசஸ் சார் காலமாகிவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்குப் போன் வந்தது. எடுத்தவன் நான். வைத்ததுமே இன்னொரு போன்: "கப்பல் எங்க சார் வருது?" இந்தக் கேள்விக்கு அவரைப் போல எரிச்சலூட்டும் பதில் சொன்னவர் ராயபுரத்திலேயே கிடையாது.

எங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கப்பல்களின் வரவைக் கவனிப்பது அவர் வேலை. எந்தக் கப்பல் எங்கே என்று கேட்டாலும், அதன் நீளம், கிடங்கு, கிரேன் என்று அடையாளத்தைத்தான் ஒப்பிப்பார். கண்ணால் பார்க்காத கப்பலை இங்கே இருக்கிறது என்று சொல்லவே மாட்டார். சரக்குக்காகக் காத்துக் கிடக்கும் லாரிக்காரர்களிடம் பேச்சு வாங்குவது நான். அவரோடு ஒரே அறையில் குப்பை கொட்டிய காலமெல்லாம் எனக்குத் தலைவலிதான்.

ஒரு புயலுக்குப் பிறகு, ஜிப்சம் ஏற்றி வந்த சின்னக் கப்பலிடமிருந்து தகவலே இல்லை. வயர்லெஸ்ஸிலும் பதில் இல்லை. அதில் வேலை பார்த்த செல்வத்தின் மனைவி ராணி, திருவொற்றியூரிலிருந்து ஓடி வந்தார்.

"எங்க வூட்டுக்காரு உசுரோட கீறாரா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு சார்."

அவரிடமும் மோசஸ் சார் ஆரம்பித்தார்: "தொண்ணூத்தஞ்சு மீட்டர் நீளம், ரெண்டு கிடங்கு, ரெண்டு கிரேன்..."

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்றேன்.

"தெரியாதத எப்டிப்பா சொல்றது?" என்றவர், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார். ராணி பின்னாலேயே போனார். வேறு வழியில்லாமல் நானும்.

கடலுக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொரு விசைப்படகுக்காரரிடமும் அதே பல்லவி. கப்பல் பெயரைச் சொல்லுங்களேன் என்று பல்லைக் கடித்தேன்.

"எழுத்து அவ்ளோ தூரத்துல எவனுக்குத் தெரியும்? கப்பல் அடையாளம் சொன்னாத்தான் கண்டுபுடிப்பான்."

கடைசியில் ஒருவர், "ரெண்டு கிரேனா? பழவேற்காட்டாண்ட ஒண்ணு நங்கூரம் போட்டுகினு நிக்குது நைனா" என்றார்.

அப்போதும் மோசஸ் சார் ராணியிடம், "கப்பல் கீது. ஆளப் பத்தி எனக்குத் தெரியாதும்மா" என்றார். அவரை அப்படியே கடலில் தள்ளிவிடலாமா என்றிருந்தது. "வா, போய்ப் பாத்துடலாம்" என்று அந்தப் படகிலேயே ஏறினார்; ராணியும் நானும் கூடவே ஏறினோம். ஆயுசெல்லாம் கப்பல் தொழிலில் இருந்தும் அதுவரை கடலில் கால் வைக்காதவர். வழியெல்லாம் வாந்தி. புயலில் வயர்லெஸ் கெட்டு நின்றிருந்த கப்பலின் மேலே செல்வத்தின் தலை தெரிந்தது. ராணி அலறி அழுதார். மோசஸ் சார் வாயைத் துடைத்துக்கொண்டு, "உசுரோட கீறாரும்மா" என்றார், என்னவோ ராணிக்குத் தெரியாதது போல.

நேற்று காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம். பெட்டியைக் குழிக்குள் இறக்கிய கயிற்றின் ஒரு முனையைச் செல்வம் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற ராணி சொன்னார்: "அன்னிக்கு எல்லாரும் நல்லா கீறாருன்னு சொல்லி அனுப்புனாங்க சார். இவரு ஒருத்தருதான் இட்டுகினு போயி காட்டுனாரு."

போய் வாருங்கள், மோசஸ் சார். உங்களைத் திட்டாமல் அந்த அறையில் நான் எப்படி உட்காருவேன்?