தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் குடும்ப மணியும்

எட்டு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவே, மின்சாரம் சொந்த ரத்தத்தில் மட்டும்தான் பாயும் என்று நான் நம்பினேன். இன்றைக்கு வீட்டில் ஃபியூஸ் போனால் ஆள் தேடாமல் நானே ஸ்டூல் போட்டு ஏறுகிறவன் என்பதை, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அந்த நம்பிக்கைக்கு அஸ்திவாரம் போட்டவள் அக்கா. என்னைத் தவிட்டுக்கு வாங்கினார்களாம். கடைசியாகப் பிறந்த எல்லோருக்கும் இந்தக் கதை சொல்லப்பட்டிருக்கும். ஆனால் என் அக்கா வக்கீல் மாதிரி ஆதாரத்தோடு பேசுவாள். அவள் குழந்தையாகக் கவிழ்ந்து படுத்திருக்கும் ஸ்டூடியோ படம் சுவரில் தொங்கியது. எனக்குப் படம் கிடையாது. அவள் நிறம் அம்மாவின் நிறம். என் நிறத்துக்கு வீட்டில் யாரும் உரிமை கோரவில்லை. வாங்கிய இடம் பூந்தமல்லி, விலை இரண்டு படித் தவிடு, அதுவும் புழுத்த தவிடு. நான் சேட்டை செய்யும்போதெல்லாம் அப்பா, “பேசாம இவனக் கொண்டுபோய் விட்டுட்டு தவிட்டத் திருப்பி வாங்கிருவோமா?” என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா சிரிப்பாளே தவிர மறுக்கமாட்டாள்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உண்மையாகவே ஒரு தவிட்டுக்கடை இருந்தது. பஸ் அதைத் தாண்டும்போது நான் சீட்டுக்கடியில் குனிந்துகொள்வேன். ஒருமுறை நடந்து போகையில் மாட்டிக்கொண்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, “இன்னா கண்ணு, நல்லா கீறியா?” என்றார். விற்ற சரக்கைப் பற்றி விசாரிக்கிறார் என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது.

இந்த நிலைமையில்தான் அறிவியல் திருவிழா வந்தது. அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் இருந்தது குவார்ட்டர்ஸில். குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு, ஜோல்னாப் பை மாட்டிய அண்ணன்களும் அக்காக்களும் வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். குடும்பத்தோடு வந்து கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீரைத் தொட்டுப் பூப்போட்டால் பூ ரத்தச் சிவப்பாக வந்தது. அம்மா அதைப் பார்த்து, “ஆரத்தி கரைக்கத் தெரிஞ்சவளுக்கு இது ஒரு வித்தையா?” என்றாள். தண்ணீர் நிறைந்த டம்ளரை அட்டையால் மூடிக் கவிழ்த்தும் தண்ணீர் கொட்டாமல் நின்றது. டாங்கிக்கே போல்ட் முடுக்குகிறவன் இதற்கெல்லாம் அசருவானா என்ற முகத்தோடு அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

கடைசி மேஜையில் இருந்தது குடும்ப மணி. ஒரு சிறிய மரப்பெட்டி. அதிலிருந்து இரண்டு ஒயர்கள். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு எவர்சில்வர் கரண்டி. குடும்பத்தில் முதல் ஆள் ஒரு கரண்டியையும் கடைசி ஆள் இன்னொரு கரண்டியையும் பிடிக்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் வரிசையாகக் கைகோத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் பேட்டரி. எல்லோர் உடம்பு வழியாகவும் துளியளவு மின்சாரம் ஓடி, பெட்டி ‘ங்ஙீ’ என்று கத்தும்.

எங்களுக்கு முன்னால் பக்கத்து பிளாக் குடும்பம் நின்றது. பெட்டி கத்தியது. ஜோல்னாப் பை அண்ணன் நடுவிலிருந்த பையனைக் கையை விடச் சொன்னார். சத்தம் நின்றது. அண்ணன் மைக்கைப் பிடித்து, “பாத்தீங்களா? மணி அடிச்சாத்தான் ஒரே குடும்பம்! உங்க குடும்பம் ஒரே குடும்பமான்னு சோதிச்சுப் பாருங்க, வாங்க!” என்று கூவினார்.

அவர் தமாஷுக்குச் சொன்னார். நான் நிஜமென்றே எடுத்துக்கொண்டேன். இத்தனை காலம் அக்காவின் வாயில் மட்டும் இருந்த விஷயம் இப்போது விஞ்ஞானபூர்வமாக, மைக் வைத்து, குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் தெரியப்போகிறது. அக்கா குனிந்து என் காதில், “செத்தடா. இப்ப தெரிஞ்சிரும்” என்றாள்.

நான் அழுவேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு அழுகைக்குப் பதிலாக ரோஷம் வந்தது. தெரிந்தால்தான் என்ன? மனதுக்குள்ளேயே வாதம் தயாரிக்க ஆரம்பித்தேன். எட்டு வருஷம் சோறு போட்டு வளர்த்த பிள்ளையை எந்தக் கடைக்காரன் திரும்ப எடுப்பான்? அந்தத் தவிட்டைத் தின்ற மாடு இன்னும் உயிரோடு இருக்குமா? என்னை அனுப்பினால் அக்காவின் ஜாமெட்ரி பாக்ஸையும் எடுத்துக்கொண்டுதான் போவது என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். சித்தப்பா அப்பாவின் உடன்பிறந்த தம்பி. எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கிருந்து அவரைக் கூட்டிவந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து வேலைக்குச் சேர்த்துவிட்டது அப்பாதான். வேலைக்குப் போன இடத்தில், மண்ணூர்பேட்டைப் பெண்ணான சித்தியைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. அவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. காரணம் கேட்டபோது அக்கா, “சித்தி நம்ம ஆளுங்க இல்லடா” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. வீட்டு ஆள் இல்லாத ஆள் நான் ஒருத்தன் மட்டுமில்லை.

அவர்களை வரச்சொல்லி ஆள் அனுப்பியது அம்மா. அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவின் முகம் இறுகியது. ஆனால் மைக் அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டார்.

“வாங்க சார், ஆறு பேரா? பெரிய குடும்பம்! வாங்க!”

குவார்ட்டர்ஸே பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பாவால் திரும்பிப் போக முடியவில்லை. அம்மா ஒரு கரண்டியைப் பிடித்தாள். அவளுக்கு அடுத்து அக்கா, நான், சித்தி, சித்தப்பா. கடைசியில் அப்பா, கையில் மற்றக் கரண்டியோடு. சித்தப்பா மாப்பிள்ளை மாதிரி முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

பெட்டி கத்தவில்லை.

அண்ணன் வாளியைக் காட்டி எல்லோரையும் கையை நனைத்துக்கொள்ளச் சொன்னார். நனைத்தோம். அப்பா, “என் கை ஈரமாத்தான் இருக்கு” என்று சொல்லி வாளிப் பக்கம் வரவில்லை. மறுபடியும் கைகோத்தோம். மறுபடியும் சத்தமில்லை. கூட்டத்திலிருந்து யாரோ, “இன்னா நைனா, டூப்ளிகேட் ஃபேமிலியா?” என்று குரல் விட, மைதானமே சிரித்தது.

எனக்குள் ஏதோ அறுந்தது. கைகளை உதறிவிட்டு, மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதையும் மறந்து கத்தினேன்:

“ஆமா! நான் தவிட்டுக்கு வாங்கினவன்தான்! அதனால என்ன இப்ப? நான் போமாட்டேன்! அது என் வீடு! யாரு வந்து கூப்பிட்டாலும் போமாட்டேன்!”

மைக் என் ஒவ்வொரு சொல்லையும் பத்து மடங்காக்கி அடுத்த தெரு வரை கொண்டுபோனது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தரையில் உட்கார்ந்து மேஜைக்காலைக் கட்டிக்கொண்டேன். தூக்கிக்கொண்டு போவதானால் மேஜையோடுதான்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“ஆருடா உன்ன போவ சொன்னது? என்ன பாரு. என்னையுந்தான் சேத்துக்கல. நான் போய்ட்டனா? நின்னுகினுதானே கீறேன்? ஏந்திரு. நாமளா போனாத்தான்டா போனது.”

இதை அவள் என்னிடம்தான் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள். அப்பா ஷாமியானாவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அப்பாவின் கையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைக் காதைப் பிடித்துத் தூக்கி, வரிசையின் மறுகோடிக்கு இழுத்துப் போய், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நிறுத்தினாள்.

“ஏல, இங்க நில்லு. ரெண்டு பேரு கையையும் இறுக்கிப் புடி. விட்டே, தோல உரிச்சிருவேன்.”

பிடித்தேன். ஒரு பக்கம் அப்பாவின் காய்ப்புக் காய்த்த கை. மறுபக்கம் சித்தப்பாவுடையது, அதே காய்ப்பு. அம்மா போய்க் கரண்டியை எடுத்தாள்.

பெட்டி கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை அன்று காலையிலிருந்து எந்தக் குடும்பத்துக்கும் அது போடவில்லை என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் கையை விடவே இல்லை. அண்ணன், “போதும் தம்பி, பேட்டரி தீந்துடும்” என்று கெஞ்சும் வரைக்கும் அந்தப் பெட்டியை ஊளையிட வைத்தேன்.

ரத்தப் பரிசோதனையில் தேறிவிட்டேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்; அதாவது, அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்டேன். கிடைக்கவில்லை. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் ஆறு இலை விழுந்தது. அப்பா சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். சித்தி என்னிடம் கேட்டுக் கேட்டு இரண்டாம் தடவை ரசம் ஊற்றினாள். அடுத்த வாரம் பூந்தமல்லியில் தவிட்டுக்கடை முன்னால் நின்று கடைக்காரரை முறைத்துவிட்டு வந்தேன். பாவம், அந்த மனிதர் எனக்கு ஒரு பொட்டுக்கடலை உருண்டை கொடுத்தார்.

என்னால்தான் மணி அடித்தது என்று வெகுநாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். எனக்குக் கல்யாணம் பேசிய சமயத்தில்தான் அம்மா சொன்னாள். முதல் இரண்டு தடவையும் அப்பா தம்பியின் கையைப் பிடிக்கவில்லை. சட்டைக் கையின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். துணி வழியாக மின்சாரம் போகவில்லை.