அக்காவின் சோப்புத் தண்ணீர்

அவர் மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில், எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாகக் கலக்கும் எந்திரத்தை ஓட்டிக் காலம் தள்ளுபவர். அவருடைய அக்காவுக்குப் புற்றுநோய். பழைய மருந்து குடலைப் பிடுங்கியதில் நொந்துபோய், புது மருந்தே வேண்டாமென்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

“எண்ணெய்ல மருந்தாமே? எண்ணெய் ரத்தத்துல கலக்குமாடா, மடையா?”

“சின்ன வயசுல காலி இருமல் மருந்து பாட்டில்ல எண்ணெயும் தண்ணியும் ஊத்தி, குழாயடியில குலுக்கிப் போட்டி போடுவோமே, ஞாபகம் இருக்காக்கா? என் பாட்டில்ல எண்ணெய் உடனே மேல வந்துடும். உன்னுது மட்டும் பிரியாது.”

“அது என் கைராசி.”

“திருட்டுத்தனமா சோப்புத் தண்ணி விட்டுட்டு கைராசியாம்! இதுலயும் அதே வித்தைதான். சோப்பு மாதிரி ஒண்ணு எண்ணெயைக் கண்ணுக்கே தெரியாத துளியா வச்சிருக்கும். மருந்து அந்தத் துளிக்குள்ள இருக்கு. வாந்தி வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

அக்கா திரும்பினாள். “தெரிஞ்சேவாடா தோத்த?”

“ஜெயிச்சா நீ குழாயடி அதிரச் சிரிப்பியே. அதைக் கேக்கத்தான்.”

அதே சிரிப்பு, பாதி இருமலோடு வந்தது. ஈரப் பாவாடையோடு பாட்டிலைத் தூக்கிக் காட்டிய சிறுமி ஒரு கணம் அவர் கண்ணில் தெரிந்தாள்.

அக்கா கையை நீட்டினாள். “நர்ஸைக் கூப்பிடு. வாந்தி வந்தா உன் சட்டை மேலதான்.”