வெளிநாட்டு ஆள் என்றதும் எழுந்து நின்றேன்

இன்று என் மனைவி ரோசலியின் விசாவை நீடிக்கக் கொழும்புக்குப் போனோம். அவள் இந்தியாவில் தங்கச்சிமடத்துக்காரி. விசா கிடைக்காவிட்டால் அவள் அங்கே, நான் வங்காலையில் தனியாக.

கதவில் 'வெளிநாட்டவர்' என்று இருந்ததை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். இந்த வயதில் படித்தது வீண்போகவில்லை!

உள்ளே இருந்த அதிகாரிப் பெண்பிள்ளை, "வெளிநாட்டு ஆள் வாங்கோ" என்றது.

நான் எழுந்து போய் நின்றேன். ரோசலி கதிரையை விட்டு அசையவில்லை.

"ஐயா, நீங்கள் இலங்கைதானே? ஏன் எழும்பினனீங்கள்?"

"எங்க ஊர்ப் பக்கம் அகதி முகாம்ல இருபது வருஷம் இருந்தாரும்மா. வெளிநாட்டு ஆளுன்னா அங்க இவருதான். பழக்கம் போகல" என்றாள் ரோசலி.

பிள்ளை சிரித்துக்கொண்டே ஒரு வருடத்துக்கு முத்திரை குத்தியது.

முகாமில் ஆள் கணக்கெடுக்க என் பெயரைக் கூப்பிடும் நாட்களில் ரோசலி அவித்த பனங்கிழங்கோடு வாசலில் காத்து நிற்பாள். அந்த மணம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைவில் இருந்தது.

"அடுத்த வருஷமாவது என்னை எழுந்திரிக்க விடுங்க" என்றாள்.

உங்கள் வீட்டில் வெளிநாட்டு ஆள் யார்? சுருக்கமாக எழுதுங்கள். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன்.