வெட்டிய இரண்டு வரியோடு காங்கேயத்துக்கு

ஆடி முடிந்த மூன்றாம் நாள், ஒரு நன்றிக் கடிதத்துக்குப் பதில் சொல்லக் காங்கேயம் போனேன். நாளிதழ் அலுவலகத்தில் மூன்று வாரம் கிடந்து என் கைக்கு வந்த கடிதம் அது. செயற்கைக் கருத்தரிப்பு பற்றி நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரையைப் படித்த சுகந்தி என்பவர் எழுதியிருந்தார். "எங்களுக்கு உறைய வைத்த கரு இன்னும் ஒன்று இருக்கிறது. சி கிரேடு. உங்கள் கட்டுரையால் தெளிவு கிடைத்தது. ஆடி முடிந்ததும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். நன்றி." முகவரி இருந்தது. தொலைபேசி எண் இல்லை.

கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். 'தரம் குறைந்த கருவை ஒதுக்கினால் குறையுள்ள குழந்தையைத் தவிர்க்கலாம்' என்று என் பெயரில் அச்சாகியிருந்தது. என் பழைய குறிப்பேட்டில் மருத்துவர் சொன்னது வேறு. கரு கருப்பையில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பைத்தான் கிரேடு மதிப்பிடுகிறது. பிறக்கும் குழந்தையின் நலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சி கிரேடிலும் நல்ல குழந்தை பிறக்கும். இடம் போதவில்லை என்று அந்த இரண்டு வரியை நானே வெட்டினேன். மீதியை ஒட்டப்போய்ப் பொருளையே மாற்றிவிட்டேன். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் எச்சரிக்கைத் தாளைப் படிக்காமல் மாத்திரை போடாதீர்கள் என்று முப்பது ஆண்டுகளாக ஊருக்குச் சொல்லிவந்தவன் நான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் காலை 6.10-க்குப் பேருந்து ஏறி, காந்திபுரத்தில் மாறி, 7.35-க்குச் சிங்காநல்லூர் நிலையம் சேர்ந்தேன். காங்கேயம் பேருந்து அங்கிருந்துதான். பல்லடம் வழி, சுமார் 65 கிலோமீட்டர், 50 ரூபாய். காலையில் போவதென்றால் இடது ஜன்னல் வேண்டாம். வெயில் முகத்தில் அடிக்கும். 9.40-க்கு இறங்கினேன். அங்கிருந்து கடிதத்திலிருந்த முகவரிக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

"மாடு வாங்கவுங்களா?" என்றார் ஓட்டுநர்.

இல்லை என்றேன்.

"பையும் இல்ல, பழமும் இல்ல. பொண்ணு பாக்க வந்த மாதிரியும் தெரியலீங்களே."

செய்த தப்பைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன்.

"அப்ப வெயிட்டிங்ல நிக்கறனுங்க. சீக்கிரமே தொரத்தி உட்டுட்டா நடந்தா போவீங்க?"

சுகந்தியும் கணவர் நடராசும் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார்கள். தேங்காயை உடைத்துக் காயவைத்து, தரம் பிரித்து, எண்ணெய் ஆலைக்கு அனுப்பும் இடம். என் பெயரைச் சொன்னதும் சுகந்தியின் முகம் மலர்ந்தது.

"ஏனுங்க, பேப்பர்ல எழுதுனவரு வந்திருக்காருங்க!" என்று கணவரைக் கூப்பிட்டார். "உக்காருங்க சார். மொதல்ல சாப்புடுங்க."

நான் மறுத்தது எடுபடவில்லை. மூன்று இட்லி தின்ற பிறகே விஷயத்தைச் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், துணிவு வரவில்லை. ஆஸ்பத்திரிப் படிவம் டி.வி. பக்கத்தில் இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை.

"அந்த ரெண்டு வரிய ஏனுங்க எடுத்தீங்க?" என்றார் நடராசு.

"இடம் பத்தலை."

"அந்த எடத்துல என்னதான் வந்துச்சுங்க?"

"ஒரு படம். கொஞ்சம் பெருசாப் போட்டாங்க."

சுகந்தி கணவர் பக்கம் திரும்பினார்.

"நம்ம களத்துல ரெண்டாந்தரம்னா எண்ணெய் கம்மியா எறங்கும். எண்ணெயே கெட்டதுன்னா சொல்றோம்? தெனமும் பிரிக்கற நமக்கே தோணலை பாருங்க."

கிரேடு பற்றி ஆஸ்பத்திரியில் விளக்கவில்லையா என்றேன்.

"கருவ உள்ள வெக்கறதா வேண்டாமான்னுதான் கேட்டாங்க சார். பேப்பர்லயே போட்டிருக்குதுன்னு நாங்கதான் அவுங்க வாய அடைச்சுப்போட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வருசம் ரெண்டு இருந்துச்சுங்க. அதுவும் சி தான். வேண்டாம்னு எழுதிக் குடுத்துப்போட்டோம். அப்ப அது ரெண்டும்..."

அவை குழந்தையாகியிருக்கும் என்றும் சொல்ல முடியாது, ஆகியிருக்காது என்றும் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பை இவர்களிடமிருந்து எடுத்த நான் இவர்கள் வீட்டு இட்லியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சுகந்தி உள்ளே போய், கண்ணாடித் தாளுறையில் பத்திரமாக வைத்திருந்த என் கட்டுரையை எடுத்து வந்தார்.

"இதுலயே எழுதிக் குடுங்க சார். திங்கக்கெழம டாக்டரம்மாகிட்ட காட்டிக் கேட்டுக்கறோம். அதுவரைக்கும் கையெழுத்து வேண்டாமுங்க."

எழுதித் தேதியிட்டுக் கொடுத்தேன். பக்கத்தின் ஓரத்திலேயே அந்த இரண்டு வரிக்கு இடம் இருந்தது.

ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. "தொரத்தலீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"இட்லி போட்டாங்க."

"அது தொரத்தறத விட மோசமுங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

திங்கட்கிழமை என்ன முடிவானது என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதும் தைரியம் இன்னும் வரவில்லை. திருத்தம் வெளியிடும்படி நாளிதழ் ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்; இடம் பார்த்துப் போடலாம் என்றார்.

சிகிச்சைக்காகக் கோவை வருகிறவர்களுக்குச் சில சொற்கள். கிரேடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று மருத்துவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். வேண்டாம் என்று கையெழுத்திடும் முன் ஒரு நாளாவது அவகாசம் கேளுங்கள். மாத்திரைப் பெட்டியைத் தூக்கி எறிந்தாலும் உள்ளே இருக்கும் தாளை எறியாதீர்கள். என்னைப் போன்றவர்கள் எழுதியதை வெட்டி வைப்பதானால், ஓரத்தையும் சேர்த்து வெட்டுங்கள்.