அடுப்பை அணைத்த அத்தான்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் 'பச்சைக்காய்' என்று பெயர். அச்சகத்தில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். பத்து வருட மலச்சிக்கல் சமைக்காத உணவால் தீர்ந்துபோனதாம். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அவர்தான் வைத்தியர்.

தினமும் காலையில் பூங்கா வாசலில் மேசை போட்டு முளைகட்டிய பயறு, துருவிய கேரட், கீரைச் சாறு என்று இலவசமாகக் கொடுப்பார். பொய் சொல்லக் கூடாது, பலன் இருந்தது. தையல்காரரின் தொப்பை கரைந்தது. பேருந்து ஓட்டுநருக்குச் சர்க்கரை இறங்கியது. எண்ணெய்ப் பலகாரக் கடைக்காரர்கூட ஒளிந்து வந்து ஒரு கிண்ணம் வாங்கிப்போவார்.

என் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. காய்கறியில் இருக்கும் பொட்டாசியம் அவள் உடம்பில் தங்கி இதயத்தையே நிறுத்திவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "காயை நறுக்கி நிறையத் தண்ணில வேகவச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிடுங்கம்மா." அத்தான் பூங்காவுக்குப் போகும் நேரம் பார்த்து அவளும் அப்படியே செய்து சாப்பிட்டு வந்தாள்.

ஒரு நாள் அவர் சீக்கிரம் வந்துவிட்டார். அவள் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகுதே! ஊரே என் பேச்சைக் கேக்குது, வீட்ல மட்டும் எனக்கு மதிப்பில்லையா?"

"டாக்டர்தாங்க சொன்னாரு..."

"டாக்டருக்கு என்ன தெரியும்?" என்று அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதாராம்.

அதற்குப் பிறகு அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. போனில் கேட்டு நான் கத்தினேன். "விடுடா, பச்சையா கொஞ்சம்தானே சாப்பிடுறேன். அவரு அழுதா என்னால தாங்க முடியல" என்றாள்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "காயினாலன்னு அவர்கிட்ட சொல்லிடாதடா, உடைஞ்சு போயிடுவாரு. நான் மாத்திரை போட மறந்துட்டேன்னு சொல்லு" என்று சத்தியம் வாங்கினாள். மறுநாள் போய்விட்டாள். பாவி நான், சொன்னபடியே சொன்னேன்.

ஒரு மாதத்தில் பூங்கா வாசலுக்கு மேசை திரும்பி வந்தது. நான் அங்கே போனபோது, துக்கம் விசாரித்த தையல்காரரிடம் அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதையும் சொன்னா கேக்க மாட்டா. மாத்திரையக்கூட ஒழுங்கா போடாம அவளே தேடிக்கிட்டா."

தையல்காரர் உச்சுக்கொட்டினார். உண்மை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அத்தான் என்னைப் பார்த்துவிட்டார். "நீயே சொல்லு மச்சான், தப்பு அவ மேலதானே?"

"ஆமா அத்தான்," என்றேன். "அவ மேலதான்."