ஆறிப்போன காபியும் பஹ்ஜத்தின் லினக்ஸும்

என் மைத்துனன் பஹ்ஜத் ஜோர்டானின் இர்பித் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறான். திருட்டு விண்டோஸ் அவனுக்கு ஆகவே ஆகாது. எங்கள் வீட்டில் யாராவது லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அதில் லினக்ஸ் ஏறியிருக்கும். "வைரஸ் வராது அத்தான்" என்பான். வைரஸ் வரவில்லை, வாஸ்தவம்தான். பாதி நாள் சத்தமும் வராது. அதையும் அவனே வந்து கறுப்புத் திரையில் எதையோ தட்டிச் சரிசெய்துவிட்டு, ஒரு தட்டு மக்லூபா சோறு தின்றுவிட்டுப் போவான்.

அவன் தங்கை ருதைனாவைப் பெண் கேட்டு ஃபிராஸ் வீட்டு ஆண்கள் வந்த அன்று வந்தது சோதனை. மாமனார் காலமாகிவிட்டதால், சம்மதம் சொல்ல வேண்டியவர் ஜெர்மனியில் இருக்கும் பெரியப்பா அபு நாயிஃப். அவருக்கும், வந்தவர்களின் தலைவர் ஹாஜி ஷஃபீக்குக்கும் ஆலிவ் தோப்பு வேலித் தகராறில் இருபது வருடமாகப் பேச்சு கிடையாது. ஃபிராஸைத் தவிர வேறு யாரும் வேண்டாமென்று மூன்று வருடம் காத்திருந்தவள் ருதைனா.

பெரியப்பாவை வீடியோ அழைப்பில் பிடிக்க, பஹ்ஜத் லேப்டாப்பைக் கூடத்தில் வைத்து ஒலிபெருக்கியை மாட்டினான். பெண்களும் பார்க்கட்டும் என்று, கதவுக்கு அடியில் ஒரு கேபிளை விட்டு உள்ளறை டிவியிலும் இணைத்தான்.

ஹாஜி எழுந்து முறைப்படி பெண் கேட்டார். காபிக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சம்மதம் கிடைக்கும்வரை அவர் அதைத் தொடமாட்டார். அவர் தொடாமல் மற்ற முப்பது பேரும் தொடமுடியாது. திரையில் பெரியப்பாவின் வாய் அசைந்தது. சத்தமே இல்லை.

"என்னப்பா, பேசமாட்டேங்கிறாரா?"

"பேசுறார் ஹாஜி. நமக்குத்தான் கேக்கல" என்றான் பஹ்ஜத்.

"இருபது வருஷமா அப்படித்தான்."

பஹ்ஜத் ஒலியளவை நூற்றுக்கு ஏற்றினான். அப்புறம் நூற்றைம்பதுக்கு. கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளாகத் தட்டினான். நெற்றியிலிருந்து வியர்வை விசைப்பலகையில் சொட்டியது.

"போன் போடேன்டா" என்றேன்.

"அவர் பேசுறதே போன்லதான் அத்தான். இங்க பாருங்க, பச்சைக் கோடு துள்ளுது. சத்தம் எங்கயோ போய்க்கிட்டுதான் இருக்கு!"

"எங்க, எல்லை தாண்டி சிரியாவுக்கா?" என்றேன்.

"பெரியப்பா, நீங்க பேசுறது எங்களுக்குக் கேக்கல!" என்று அவன் கத்தினான். அபு நாயிஃப் தலையைத் திருப்பி மனைவியிடம் ஏதோ சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றே ஹாஜி எடுத்துக்கொண்டார். கோலை ஊன்றி எழுந்தார். "போதும். வாங்க போகலாம்."

அப்போதுதான் உள்ளறையில் பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து குலவையிட்டார்கள். கதவு திறந்தது. ருதைனா மூச்சு வாங்க நின்றாள்.

"எங்க போறீங்க? பெரியப்பா சரின்னுட்டாரே! 'அந்தக் கிழவன் காபியக் குடிக்கட்டும், ஆறிடப்போகுது'ன்னாரே, உங்களுக்குக் கேக்கலையா?"

பஹ்ஜத் கேபிளைப் பார்த்தான். இவ்வளவு நேரமும் சத்தம் டிவிக்குத்தான் போயிருக்கிறது. ஹாஜி உட்கார்ந்து கிண்ணத்தை ஒரே மடக்கில் காலி செய்தார்.

"லினக்ஸ்மேல தப்பில்ல" என்று முனகிக்கொண்டே பஹ்ஜத் சத்தத்தைக் கூடத்து ஒலிபெருக்கிக்கு மாற்றினான். நூற்றைம்பதைக் குறைக்க மறந்துவிட்டான்.

கூடம் அதிர, பெரியப்பா மூக்கைச் சிந்தினார். "அவங்களுக்குத்தான் கேக்கலையே, அழுதா என்ன?" என்று மனைவியிடம் சொன்னார். "ஷஃபீக்குக்கு எவ்வளவு வயசாயிடுச்சு, பாத்தியா?"

ஹாஜி கிண்ணத்தை நீட்டி இன்னொரு காபி கேட்டார். திரைக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.