சாய்ந்த கோதுமையும் மெஷின்காரியும்

ஊரில் அவளை மெஷின்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கணவன் இறந்த பிறகு அவன் ஓட்டிய அறுவடை இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தவள் அவள். பொம்பளை ஓட்டினால் கதிர் சிதறும் என்று முணுமுணுத்தவர்களே, பிறகு அவள் வரும்வரை அறுப்பைத் தள்ளிப்போட்டார்கள்.

அந்த வருடம் அவள் தன் தாய்மாமனின் வயலில் இறங்கியபோது பாதிக் கோதுமை தரையோடு படுத்துக் கிடந்தது. கத்தியை எவ்வளவு தாழ்த்தினாலும் கதிர் அகப்படவில்லை. வரப்பில் நின்ற மாமா எல்லார் முன்னாலும் கத்தினார்.

"கண்ணை எங்க வச்சிக்கிட்டு ஓட்டற? மொத்த வெள்ளாமையும் நாசமாப் போச்சே!"

"நான் வர்றதுக்கு முன்னாடியே சாஞ்சு கிடந்துச்சு மாமா."

"பண்றதையும் பண்ணிட்டு வாய் வேற!"

பேச்சு ஊரெல்லாம் பரவியது. வேலை சொல்லியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அறுப்புக் காலத்தில் இயந்திரம் கொட்டகையில் நின்றது.

ஒரு காலை மாமாவின் மனைவியான அத்தை வந்தாள். பையிலிருந்து, தங்கள் வயலில் பிடுங்கிய கோதுமையின் அடிக்கட்டைகளைக் கொட்டி, ஒன்றை நகத்தால் பிளந்தாள். தூளுக்கு நடுவே வெளுத்த புழு ஒன்று நெளிந்தது. கட்டையின் தலை ரம்பத்தால் அறுத்த மாதிரி ஒரே மட்டமாக இருந்தது.

"கறுப்பும் மஞ்சளுமா சின்னக் குளவி பறந்துச்சே, அது தண்டுக்குள்ள வச்ச முட்டையிலருந்து வந்த புழுதான் இதுன்னு விதைக்கடைக்காரர் சொன்னாரு. புழு உள்ளேயே தின்னு, கடைசியில அடியை அறுத்துடுமாம்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கே காட்டினேன். மானம் போயிடும், வெளியே சொல்லாதேன்னுட்டார்."

மெஷின்காரி செருப்பைக்கூட மாட்டவில்லை. கட்டைகளை அள்ளிக்கொண்டு, மாமா வழக்கமாக உட்காரும் விதைக்கடைக்கு விறுவிறுவென்று போனாள். நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மாமாவின் முன்னால் கட்டைகளைப் போட்டாள்.

"தெரிஞ்சிருந்தும் என் பொழைப்புல மண்ணைப் போட்டீங்களே, நீங்களெல்லாம் ஒரு தாய்மாமனா?"

"புழுதான்... ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்" என்று அவர் முனகினார்.

"என்னைத் திட்டினப்ப குரல் இப்படியா இருந்துச்சு? சத்தமா சொல்லுங்க!"

சொன்னார். கடையே கேட்டது. மறுநாளே இரண்டு பேர் அவளைத் தேடி வந்தார்கள். மற்ற வயல்களில் அதற்குள் அறுப்பு முடிந்திருந்தது.

அடுத்த போகத்தில் அந்த வயலில் மாமா பட்டாணி போட்டார். அந்தக் குளவி அதை அண்டாதாம். விளைச்சலை எடுக்க மெஷின்காரியை அழைத்து ஆள் அனுப்பினார்.

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு" என்றாள் அவள். அத்தையை மட்டும் சாப்பிட வரச் சொன்னாள்.